கழிமுகத்தில் முப்பத்தொரு கூரைகள்

ரோஸ்லினுக்கு ஆறு என்றால் மணல்தான். திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். வருஷத்தில் முக்கால்வாசி மாதம் அந்த ஆற்றில் செருப்பில்லாமல் இறங்கினால் உள்ளங்கால் வெந்துபோகும். தண்ணீர் வருகிற மாதங்களிலும் மாட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கே போய்விடலாம். விழுப்புரத்தில் எம்.எஸ்சி. புவியியல் படித்தபோது 'வற்றாத ஆறுகள்' என்ற பாடத்தை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆனால் உள்ளுக்குள் அது நம்பும்படியாக இருக்கவில்லை.

முப்பத்திரண்டாவது வயதில் அவளுக்கே ஒரு வற்றாத ஆறு கிடைத்தது. கிடைத்த இடம் திண்டிவனம். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் வரைபடக் கம்பெனி ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் செயற்கைக்கோள் படங்களை அனுப்புவார்கள். அதில் தெரிகிற ரோடு, ஏரி, காடு, கட்டடம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து திருப்பி அனுப்ப வேண்டும். நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள், முக்கால்வாசி பேர் பெண்கள். ரோஸ்லின் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். அவள் கணவன் ஆரோக்கிய ஜெனித் தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர்.

கொரோனா முடிந்து ஆபீஸ் திரும்பத் திறந்த வருஷம், கிளை மேலாளர் ஜெகதீசன் அவளைக் கூப்பிட்டு நமாலி ஆற்றை ஒப்படைத்தார். எங்கோ கடலுக்கு நடுவே இருக்கிற ஒரு தீவு நாட்டில் ஓடுகிற ஆறு அது. சுரங்கக் கம்பெனி ஒன்று அங்கே மலையில் தாது எடுக்கப்போகிறது. அதற்கு ஆற்றின் மொத்த நீளத்துக்கும் வரைபடம் வேண்டுமாம். புவியியல் படித்தவள் அந்த ஆபீஸிலேயே அவள் ஒருத்திதான் என்பதால் வேலை அவளுக்கு வந்தது.

எட்டு மாதம் அந்த ஆற்றோடு இருந்தாள். மலையில் மூன்று ஓடைகளாகப் பிறக்கிறது. மேகம் எப்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நாலைந்து நாள் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஓடை தெரியும். மலையை விட்டு இறங்கியதும் அவசரம் அடங்கி, சமவெளியில் வளைந்து வளைந்து போகிறது. சில வளைவுகளை ஆறே வெட்டிவிட்டு நேராகப் போய்விட, விட்டுப்போன வளைவுகள் காட்டுக்குள் குட்டைகளாகக் கிடந்தன. கடலுக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போதே ஓதத்தில் உப்புநீர் உள்ளே ஏறிவிடுகிறது. அங்கிருந்து தண்ணீரின் நிறம் மாறுகிறது, காடு மாறுகிறது. கழிமுகத்துக்குக் கிட்டப் போகப் போக இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள். பிறகு ஆறு ஐந்தாகப் பிரிந்து, வண்டல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு கடலில் விழுகிறது. ஜனவரிப் படத்தில் இருக்கிற திட்டு ஜூலையில் இல்லை. வேறோர் இடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்திலும் அவள் ஸ்கிரீனை விட்டு எழுந்திருக்கமாட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்காருகிற கலைப்பிரியா, மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்த்து அனுப்புகிறவள், இவளைக் கிண்டல் செய்வாள். ஜெனித்திடம்கூட ராத்திரி சோறு போட்டுக்கொண்டே ஆற்றைப் பற்றித்தான் பேசுவாள். இன்றைக்கு எழுபதாவது வளைவு வரைக்கும் வந்தாயிற்று என்பாள். அவன் பஸ்ஸில் வந்த தகராறைச் சொல்வான்.

கழிமுகத்துக்கு வந்த மூன்றாம் வாரத்தில் கூரைகளைப் பார்த்தாள்.

இடது கரையில், அலையாத்திக் காட்டின் இடைவெளியில், தண்ணீரை ஒட்டிக் கொஞ்சம் மேடான ஒரு மணல்திட்டு. அதில் பழுப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் மேற்கே நீளமாக நிழல் விழுந்திருந்தது. கால் நட்டு உயர்த்திக் கட்டின வீடுகள். எண்ணினாள், முப்பத்தொன்று. கரையோரம் ஈர்க்குச்சி மாதிரி ஓடங்கள். அவற்றுக்கு முன்னால் தண்ணீருக்குள் கழி நட்டு, ஆங்கில வி எழுத்துப் போலப் போட்ட மீன் அடைப்புகள் பதினான்கு. இரண்டு வருஷத்துக்குள் வெவ்வேறு பருவங்களில் எடுத்த நாலு படங்களை எடுத்துப் பார்த்தாள். ஆற்று வாயின் வண்டல் திட்டுகள் இடம் மாறியிருந்தன. வீடுகள் மாறவில்லை. ஒரு வீட்டின் கூரை மட்டும் நாலாவது படத்தில் வெளிறிப் பளிச்சென்று இருந்தது. புதிதாக ஓலை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அன்று பூராவும் காரணமில்லாத சந்தோஷம் அவளுக்கு. முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக வரைந்தாள். மீன் அடைப்புகளை, படகு போக இடைஞ்சலானவை என்ற வகையில், தண்ணீரோடு சேர்த்து வரைந்தாள்.

பத்து நாளில் சுரங்கக் கம்பெனியிலிருந்து படம் திரும்பி வந்தது. இடது கரையில் சிவப்பு வட்டம் போட்டு, தற்காலிகக் கொட்டகைகள், நீக்கவும் என்று எழுதியிருந்தது. தற்காலிகமானவற்றை வரைய வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விதி உண்டு. ரோஸ்லின் நாலு படங்களின் தேதியையும் போட்டு, இவை தற்காலிகம் அல்ல, நிலையான குடியிருப்பு என்று குறிப்பு எழுதி அப்படியே திருப்பி அனுப்பினாள். நாலாம் நாள் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வட்டம் மட்டும்தான், எழுத்தில்லை.

ஜெகதீசன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மோசமான மனுஷர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் பாதி நாளில் அனுப்பிவிடுவார். ஆனால் கிளையை மூடிவிடுவார்கள் என்ற பயம் அவரை எந்நேரமும் அரித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு தாள் பாஸ் ஆகவில்லை என்றால் மொத்த ஆற்றையும் நிராகரித்துவிடுவார்கள், அடுத்த வருஷ ஒப்பந்தம் வேறு ஊருக்குப் போய்விடும் என்றார்.

"சார், ஆளுங்க இருக்குறாங்க சார் அங்க" என்றாள்.

"இருக்கட்டும்மா. நீ அழிச்சா அவங்க இல்லாம போயிடுவாங்களா? இது வெறும் படம். இங்க நாப்பத்திரண்டு பேரு நிஜமா உக்காந்துகினு இருக்காங்க, அத பாரு."

அவள் வெளியே வந்தபோது கலைப்பிரியா அவள் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிற இடங்களில் எல்லாம் இந்த வேலையைச் சொல்லித்தான் பேசினார்கள். ரோஸ்லினுக்கு யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அடுத்த டீம் லீடர் நீதான் என்று ஜெகதீசன் போன வாரம் தன்னிடம் சொல்லியிருந்ததும் அவள் மனதின் ஒரு மூலையில் இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு அழிக்க உட்கார்ந்தாள். வரைய ஒரு நாள் ஆயிற்று, அழிக்க நாலு நிமிஷம். மீன் அடைப்புகளைச் சுற்றி யாரும் வட்டம் போடவில்லை. கப்பல் வர இடைஞ்சலாக இருப்பவை எல்லாம் கம்பெனிக்குத் தெரிய வேண்டும். ஆகவே அவை அப்படியே இருந்தன. படம் பாஸ் ஆனது. இரண்டு மாதத்தில் அவள் டீம் லீடர் ஆனாள்.

ஒன்றரை வருஷம் கழித்து அதே ஆற்றின் புதிய படங்கள் வந்தன, மாற்றங்களைக் குறிக்கச் சொல்லி. ரோஸ்லின் நேரே கழிமுகத்துக்குப் போனாள். இடது கரையில் அலையாத்திக் காட்டை வெட்டித் தரையைச் சமப்படுத்தியிருந்தார்கள். மணல்திட்டு இருந்த இடத்தில் கப்பல் வந்து நிற்கக் கல்லும் சிமென்டும் போட்ட மேடை. ஆற்றின் வாயைத் தோண்டி ஆழப்படுத்தியதில் ஐந்து கிளைகளில் இரண்டு அடைந்துபோயிருந்தன. வீடுகளும் இல்லை, அடைப்புகளும் இல்லை. எங்கே போயிருப்பார்கள் என்று ஆற்றோடு மேலே நூறு கிலோமீட்டர் தேடிப் பார்த்தாள். அன்றைய வேலை கெட்டது. கரை நெடுக எங்கும் ஒரு கூரையைக் காணோம்.

சுரங்கக் கம்பெனியின் அறிக்கை இணையத்தில் கிடைத்தது. 'விரிவான வரைபடப் பணியின்படி கழிமுகத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் மனிதக் குடியிருப்பு எதுவும் இல்லை' என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே அவள் வரைந்த படம். ரோஸ்லின் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, புதிய மேடையின் நாலு மூலைகளையும் பிசகாமல் வரைந்து கொடுத்தாள்.

அடுத்த வருஷம் டிசம்பரில் புயல் மழை. பெண்ணையாறு கரை மீறிக்கொண்டு ஊருக்குள் வந்தது. அவள் அப்பா லூர்துநாதனின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்று, வடிந்த பிறகு முழங்கால் அளவு சேறு. ஒன்றரை ஏக்கர் கரும்பு படுத்துவிட்டது. ஜெனித்தும் அவளும் போய் மூன்று நாள் சேற்றை வாரிக் கொட்டினார்கள். நாலாம் நாள் சேதம் எழுத ஓர் ஆள் பைக்கில் வந்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை. ரோட்டில் இருந்தபடியே வீட்டைப் பார்த்துவிட்டு எழுதினான். ரோஸ்லின் கையில் மண்வெட்டியோடு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"இறங்கி வந்து பாத்துட்டு எழுதுங்க. உள்ள ஒரு மனுஷன் குடியிருக்கிறாரு."

அவன் முறைத்தான், பிறகு இறங்கினான். செருப்பில் சேறு பட உள்ளே வந்து பார்த்து, எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினான். ஜெனித்துக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னான். ரோஸ்லின் மட்டும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாள்.

பிப்ரவரியில் அந்தத் தீவு நாட்டிலிருந்து கடிதம் வந்தது. கழிமுகத்து ஜனங்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். அதற்காக ஒரு விசாரணைக் குழு அமைந்திருந்தது. வீடுகள் ஏன் வரைபடத்தில் இல்லை என்று குழு கேட்டதற்கு, சுரங்கக் கம்பெனி வரைபடக் கம்பெனியைக் கை காட்டியது. வரைபடக் கம்பெனி கம்ப்யூட்டரில் பதிவான பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டது. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எதை அழித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகி இருந்தது. சிவப்பு வட்டம் போட்ட தாளும், அவள் எழுதிய குறிப்பும் இருந்த ஃபைல் மட்டும் சர்வரில் இல்லை.

"உன் பேரு மட்டும்தாம்மா இருக்குது" என்றார் ஜெகதீசன். அவர் குரலில் மிரட்டல் இல்லை, அவரும் பயந்துபோயிருந்தார். "மேகம் மறைச்சிருந்துச்சுன்னு சொல்லிடு. நெழலுன்னு நெனச்சி அழிச்சிட்டேன்னு சொல்லு. தெரியாம பண்ணதுக்கு யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. தெரிஞ்சி பண்ணேன்னு சொன்னா உன்னோட போகாது, எல்லாருக்கும் பேஜாரு."

விசாரணை வீடியோவில் நடந்தது. ஆபீஸின் மீட்டிங் அறையில் ரோஸ்லின் கேமரா முன் உட்கார்ந்தாள். கேமராவுக்குத் தெரியாதபடி பக்கத்தில் ஜெகதீசன். அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேர், ஜனங்களுடைய வக்கீல் ஒரு பெண், மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அவர்களுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். மெராபா என்று பெயர் சொன்னார்கள். கட்டம் போட்ட சட்டை, குட்டையாக வெட்டிய நரைமுடி. அவர் கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு ரோஸ்லினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் கேட்டதற்கெல்லாம் ரோஸ்லின் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். மேகம் இருந்தது. தெளிவாகத் தெரியவில்லை. மர நிழல் என்று நினைத்தேன். சொல்லச் சொல்ல எளிதாகிக்கொண்டே வந்தது. முடிகிற நேரத்தில், மெராபா ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறார் என்றார்கள்.

அந்த அம்மாள் தன் மொழியில் மெதுவாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"எங்கள் மீன் அடைப்புகள் பதினான்கையும் சரியாக வரைந்திருக்கிறாய். என் தம்பியுடையது கொஞ்சம் கோணலாக இருக்கும், அந்தக் கோணல்கூட இருக்கிறது. அடைப்பிலிருந்து என் வீட்டு ஏணிக்கு இருபது அடி. மேகம் அந்த இருபது அடியில் நின்றுவிட்டதா?"

ரோஸ்லின் குனிந்து மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். கேள்வி புரிந்ததா என்று வக்கீல் கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினாள். மெராபா காத்திருந்தார். அவசரமே இல்லாமல், கோபமும் இல்லாமல், பதில் வரும் என்று நம்புகிறவரைப் போலக் காத்திருந்தார். ஜெகதீசன் மேஜைக்கடியில் கையை விட்டு நெட் வயரைப் பிடுங்கிவிட்டார்.

ஸ்கிரீன் இருண்டது. திண்டிவனத்தில் நெட் போய்விட்டது, எழுத்து மூலமாகப் பதில் அனுப்புகிறோம் என்று அவர் உடனே செல்போனிலிருந்து செய்தி அனுப்பினார். அடுத்த நாள் காலையில் ஒரு பக்கத்துக்கு வாக்குமூலம் தயாராக இருந்தது. தண்ணீரில் உள்ளவற்றை வேறொரு நாளில் எடுத்த படத்திலிருந்து வரைந்ததாகவும், அந்தப் படத்தில் கரை தெளிவாக இல்லை என்றும், குடியிருப்பை நீக்கியது தன் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்றும் அதில் இருந்தது. ரோஸ்லின் இரண்டு தடவை படித்தாள். பதில் சொல்ல ஒரு ராத்திரி முழுவதும் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஜெகதீசன் பேனாவை நீட்டவில்லை. அவளே கைப்பையிலிருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் நற்கருணை வாங்க வரிசையில் நிற்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெனித் முதலில் உடம்பு சரியில்லை என்று நினைத்தான். மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். கூரைகளிலிருந்து வாக்குமூலம் வரைக்கும். தனக்கு வேறு வழி இல்லையே என்று சொல்லி முடித்தாள்.

ஜெனித் வந்து படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"மாமா வீட்டாண்ட ஒருத்தன் வந்தானே, அவன இறங்கிப் பாத்துட்டு எழுதுன்னு சொன்னவ நீதான?"

அவள் அழுதாள்.

"என்கிட்ட அழுவாத ரோஸ்லினு. நான் இன்னா பண்ண முடியும்? அந்தம்மா கேட்டுச்சில்ல, அதுக்குப் போய்ப் பதில் சொல்லு."

சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. ஆனாலும் மேலும் ஒரு வாரம் போயிற்று. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நாள். கலைப்பிரியாவையும் இழுப்பார்களே என்று ஒரு நாள். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினாள். நாலு படங்களின் தேதி அவளுக்கு மறக்கவில்லை. சிவப்பு வட்டம், தன்னுடைய குறிப்பு, ஜெகதீசன் சொன்னது, தனக்குக் கிடைத்த பதவி, பிடுங்கிய வயர், எதையும் விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் கழிமுகத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து, வீடுகள் முப்பத்தொன்றையும் அதனதன் இடத்தில் போட்டாள். போனில் படம் எடுத்து, விசாரணைக் கடிதத்தில் இருந்த வக்கீலின் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பினாள். அனுப்பி முடித்ததும் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பதில் வந்தது. வக்கீல் நன்றி சொல்லியிருந்தார். கையெழுத்திட்ட வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டு, ஊழியர் ஒருவரின் உள்நோக்கமில்லாத பிழை என்று குழு முடிவு சொல்லி எட்டு நாள் ஆகிறது. அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. கையால் வரைந்த படத்தையும் இந்தக் கடிதத்தையும் கோப்பில் வைத்துக்கொள்கிறேன், ஆனால் நம்பிக்கை எதுவும் தர முடியாது என்று எழுதியிருந்தார். ஜனங்கள் இப்போது தலைநகரத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை முகாமில் இருக்கிறார்களாம். அங்கே ஆறு இல்லை.

கடைசியில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. 'உங்கள் கடிதத்தை மெராபாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னார். வீடுகளை நீங்கள் பார்த்தீர்கள் என்பது அவருக்கு முன்பே தெரியுமாம். தெரிந்துகொள்வதற்காக அல்ல, நீங்களே சொல்வதற்காகத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டாராம். இனி அவருக்கு எழுத வேண்டாம் என்றார்.'

ரோஸ்லின் நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தாள். மன்னித்துவிடுங்கள் என்று தட்டச்சு செய்து அழித்தாள். பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. கடைசியாக ஏறி, விக்கிரவாண்டி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே ஓர் இடம் காலியானபோதும் உட்காரவில்லை.

அவள் வேலையை விட்டிருந்தால் கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். விடவில்லை. அப்பாவின் வீட்டை எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது, வேறு இடத்தில் வேலையும் கிடைக்கவில்லை. வக்கீலுக்கு அவள் எழுதியது ஆபீஸில் தெரியவந்தபோது கம்பெனி ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, அதோடு சரி. ஜெகதீசன் சென்னைக்கு மாறிப் போனார். கலைப்பிரியா கல்யாணமாகிப் புதுச்சேரிக்குப் போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை எல்லார் மேஜைக்கும் வந்தது, இவளுக்கு வரவில்லை. ஜெனித் அந்த விஷயத்தைப் பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை. பஸ்ஸில் யாராவது வெள்ளத்தைப் பற்றியும், சேதம் எழுத வந்தவனை அவன் பெண்சாதி வழிமறித்ததைப் பற்றியும் கேட்டால், டிக்கெட் கிழிக்கிற சாக்கில் முன்பக்கம் போய்விடுவான்.